“இப்ப ஏலாது” எண்டு சொன்ன ஆமிக்காரன்: சாம் மானெக்‌ஷாவின்ர 40 வருசம்

சாம் மானெக்‌ஷா (1971 யுத்தத்தில இந்தியன் ஆமித் தளபதியா இருந்தவர்) எண்டோண்ண ஆக்களுக்கு ஞாபகம் வாறது அவற்ற மீசையும் ஒரு மூண்டு நாலு பகிடியும்தான். வயித்தில வெடி வாங்கிக் கிடக்கேக்க கழுதை உதைச்சது எண்டு டொக்டருக்குச் சொன்ன கதை, யாஹ்யா கானுக்கு மோட்டச்சைக்கிள் வித்த கதை, இந்திரா காந்திக்கு முகத்துக்கு நேர ஏலாது எண்டு சொன்ன கதை. யூடியூப்பில தட்டினால் உதுகள்தான் திருப்பித் திருப்பி வரும், பின்னால ஒரு வீர மியூசிக்கும் போட்டு. “40 வருசச் சேவை, அஞ்சு யுத்தம்” எண்டு ஒரு வரியும் கட்டாயம் இருக்கும். எங்கட வாசிப்பு வட்டத்தில மாசத்துக்கு ஒரு ஆளையோ ஒரு சம்பவத்தையோ எடுத்து அலசுறது வழக்கம், இந்தத் தடவை என்ர முறை, நான் அந்த ஒரு வரியைத்தான் கேசா எடுத்தனான். ரெண்டாம் உலக யுத்தம், 1947 காஷ்மீர், 1962 சீனா, 1965 பாகிஸ்தான், 1971 வங்கதேசம். இந்த அஞ்சிலயும் மனுசன் உண்மையில எங்க நிண்டவர், என்ன வேலை செய்தவர்? அதைப் பாத்துக்கொண்டு போனால் பகிடியில வாற ஆளும் சேவைப் பதிவில இருக்கிற ஆளும் ரெண்டு பேர் மாதிரித் தெரியினம்.

யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு இந்தியன் ஆமி ஜெனரல் ஒருத்தரைப் பற்றிக் கதைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. தலைப்பைச் சொன்ன உடனயே ஒரு அண்ணை, கொக்குவில் ஆள், 87 இல இந்தியன் ஆமி இஞ்ச சண்டை பிடிக்கேக்க கம்பசுக்குப் பக்கத்தில இருந்து பிள்ளை குட்டியளோட ஓடினவர், “உனக்கு வேற ஆள் கிடைக்கேல்லையோடா” எண்டு கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா நாங்கள் ஆமி எண்டால் எங்களுக்கு முன்னால துவக்கோட நிண்டவனை மட்டும்தான் பாத்தனாங்கள், அந்தத் துவக்கை அனுப்புறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்கிற மேசையை ஒரு நாளும் பாக்கேல்ல. இந்தக் கேஸ் அந்த மேசையைப் பற்றினது எண்டு சொன்னன். சரி கதை பாப்பம் எண்டிட்டு அண்ணை தேத்தண்ணியைக் கையில எடுத்துக்கொண்டு இருந்திட்டார், ஆனா முகம் இளகேல்ல.

ஆள் பிறந்தது 1914 ஏப்ரல் 3, அமிர்தசரசில. பார்சிக் குடும்பம், தகப்பன் டொக்டர். தானும் லண்டனுக்குப் போய் டொக்டருக்குப் படிக்கப்போறன் எண்டு கேட்க, உனக்கு இன்னும் வயசு காணாது எண்டு தகப்பன் மறிச்சுப்போட்டார். அந்தக் கோவத்தில போய் எழுதின சோதினைதான் டேராடூன் மிலிட்டரி அகடமிச் சோதினை. 1932 ஒக்டோபரில தொடங்கின முதல் பட்ச், மொத்தம் 40 பெடியள். அந்த 40 பேருக்குள்ள இருந்து மூண்டு நாட்டுக்கு ஆமித் தளபதியள் வந்தவை எண்டது கனபேருக்குத் தெரியாது. இந்தியாவுக்கு மானெக்‌ஷா, பாகிஸ்தானுக்கு முகமது மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டன். மூசாதான் 1965 யுத்தத்தில பாகிஸ்தான் ஆமித் தளபதி. ஸ்மித் டன் கரென் இனத்து ஆள், 1949 இல பர்மாவில கரென் சண்டை தொடங்கினோண்ண அவரைத் தூக்கிப்போட்டு நே வின்னைப் போட்டவை. ஒரு ராச்சியத்துக்கு எண்டு பயிற்சி எடுத்த பெடியள் 15 வருசத்துக்குள்ள மூண்டு நாட்டுக் கொடிக்குக் கீழ நிண்டவை, அதில ஒருத்தருக்கு அவற்ற இனமே உத்தியோகத்துக்குத் தடையாப் போச்சு. எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை எண்டு நினைக்கிறன்.

சித்தாங் ஆத்தடி

1942 பெப்ரவரி. 15 ஆம் திகதி சிங்கப்பூர் விழுந்திட்டுது. எங்கட ஊர்ப் பழசுகள் இந்த மாசத்தை வேற மாதிரித்தான் ஞாபகம் வச்சிருந்தவை, மலாயாவில றெயில்வேயிலயும் கந்தோர்களிலயும் வேலை பாத்த ஆக்களின்ர மணியோடர் நிண்டுபோன மாசம், பிறகு 45 மட்டும் கடிதமும் இல்லை காசும் இல்லை. அதே நேரம் பர்மாவில ஜப்பான்காரன் றங்கூன் பக்கம் இறங்கி வாறான், பிரிட்டிஷ் இந்தியன் ஆமியின்ர 17 ஆவது டிவிசன் பின்வாங்கி சித்தாங் ஆத்துப் பாலத்துக்கு ஓடுது. ஆத்துக்கு ஒரேயொரு பாலம், றெயில் பாலம், அதுக்கு மேல பலகை போட்டு லொறி விட்டவை.

22 ஆம் திகதி. பாலத்துக்குப் பக்கத்தில இருந்த ஒரு குன்றைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி 12 ஆவது ஃப்ரொண்டியர் ஃபோர்ஸ் றெஜிமென்டின்ர 4 ஆவது பட்டாலியனை அனுப்பினவை, அதில ஒரு கொம்பனிக்குப் பொறுப்பு எங்கட ஆள், 27 வயசு. குன்றைப் பிடிச்சாச்சு, ஆனா பிடிக்கிற நேரத்தில மெசின் கன் வெடி வயித்தில. ஏழு குண்டு எண்டுதான் வழக்கமாச் சொல்லுவினம். ஈரல், நுரையீரல், குடல் எல்லாத்திலயும் பட்டிருக்கு. பக்கத்தில நிண்ட கோவன் எண்ட மூத்த அதிகாரி, இவர் தப்ப மாட்டார் எண்டு நினைச்சு, தன்ர சேட்டில குத்தியிருந்த மிலிட்டரி குரொஸ் றிபனைக் கழட்டி இவற்ற நெஞ்சில குத்தினவராம், ஏனெண்டால் செத்தவனுக்கு அந்தப் பதக்கம் குடுக்கிற வழக்கம் இல்லை. இவற்ற ஓடலி சேர் சிங் எண்ட சிப்பாய் அவரை முதுகில தூக்கிக்கொண்டு போய் டொக்டர்மாரிட்ட விட்டவர். அங்க ஒரு ஒஸ்ரேலியன் சத்திரசிகிச்சை டொக்டர், இது போற கேஸ் எண்டு ஒதுக்கப் பாக்க, சேர் சிங் விடேல்ல, மன்றாடி நிண்டு பாக்க வச்சிட்டார். என்ன நடந்தது எண்டு டொக்டர் கேட்க, கழுதை உதைச்சுப்போட்டுது எண்டு இவர் சொல்ல, இந்த நிலையிலயும் பகிடி விடுறவனைக் காப்பாத்தத்தான் வேணும் எண்டு டொக்டர் கத்தியை எடுத்தவர் எண்டது கதை.

இது நல்ல கதை, நானும் சொல்லிச் சிரிச்சிருக்கிறன். ஆனா அடுத்த நாள் விடியக் காத்தால என்ன நடந்தது எண்டதை இந்தக் கதையோட சேத்து ஒருத்தரும் சொல்லுறேல்ல. ஜப்பான்காரன்ர கையில பாலம் போகப்போகுது எண்ட பயத்தில 23 ஆம் திகதி விடியமுன்னம் பாலத்தை உடைச்சுப்போட்டினம், டிவிசன்ர பெரும்பகுதி ஆத்துக்கு அங்கால நிக்குது. தப்பின ஆக்கள் சப்பாத்து, துவக்கு எல்லாத்தையும் விட்டிட்டு நீந்தி வந்தவை, நீந்தத் தெரியாதவை அங்கயே போச்சினம். ரெண்டு கிழமைக்குள்ள றங்கூனும் போச்சு. மானெக்‌ஷா தப்பினது இந்தப் பக்கம் முதலே தூக்கி வந்தபடியால்தான், அதாவது சேர் சிங் எண்ட ஒரு மனுசனாலதான். அந்த ஆள் கதையில ஒரு வரியில வந்து ஒரு வரியில போறார். இதில எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

அவற்ற சேவையில துவக்குக்கு நேர நிண்டு சண்டை பிடிச்ச நாளுகள் எண்டு எடுத்தால் இந்த பர்மாக் காலம்தான் பெரும்பாலும். பிறகும் பர்மாவுக்குத் திரும்பிப் போனவர், நடுவில குவெட்டா ஸ்டாஃப் கொலிஜ். யுத்தம் முடிய இந்தோசீனாப் பக்கம் கைதியளை மீட்டு அனுப்புற வேலை. அதோட அவற்ற கையில இருந்த துவக்கு இறங்கிப் பேனை ஏறினது எண்டு சொல்லலாம்.

கடதாசி வருசங்கள்

இஞ்சதான் அந்த “அஞ்சு யுத்தம்” ஆட்டம் காணத் தொடங்குது. 1947 இல நாடு பிரியேக்க அவற்ற றெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போட்டுது, ஆள் இந்தியாவில. அப்ப அவருக்கு வேலை டெல்லி ஆமித் தலைமையகத்தில, மிலிட்டரி ஒப்பரேசன்ஸ் பிரிவில. அதே பிரிவிலதான் யாஹ்யா கானும் இருந்தவர், பிறகு பாகிஸ்தான் ஜனாதிபதியா வந்து 71 இல எதிர்ப்பக்கம் நிண்ட அதே ஆள். மோட்டச்சைக்கிளை ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிக்கொண்டு காசு குடுக்காமப் போனவர், பிறகு அரைவாசி நாட்டைத் தந்து கடனை அடைச்சவர் எண்டு மானெக்‌ஷா சொல்லுற பகிடி இதில வந்ததுதான்.

காஷ்மீர் யுத்தத்தில இவர் போர்முனையில நிக்கேல்ல. ஒக்டோபர் 25 ஆம் திகதி சமஸ்தான அமைச்சின்ர செயலாளர் வி.பி. மேனனோட பிளேனில சிறிநகருக்குப் போய், நிலைமையைப் பாத்து, திரும்பி வந்து டெல்லியில மவுண்ட்பேட்டன், நேரு, பட்டேல் எல்லாரும் இருந்த கூட்டத்தில றிப்போட் குடுத்தவர். 27 ஆம் திகதி காலமை டகோட்டா பிளேனுகளில படை போய் இறங்குது. ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளில என்ன படை, எத்தினை பிளேன், எவ்வளவு சாமான் எண்டு கணக்குப் பாத்த கந்தோருக்குள்ள ஒருத்தர் இவர். வீரக் கதை எண்டு சொல்ல இதில ஒண்டும் இல்லைத்தான், ஆனா ஒரு நாள் பிந்தியிருந்தால் விமான நிலையமே கையில இருந்திருக்காது.

பெரிய அதிசயம் என்னெண்டால் ஃபீல்ட் மார்ஷல் வரைக்கும் போன இந்த ஆள் ஒரு பட்டாலியனுக்குக் கூடப் பொறுப்பா இருக்கேல்ல. கொம்பனி பாத்தார், பிறகு நேர பிரிகேட். நடுவில கிடைச்ச சந்தர்ப்பம் பிரிவினை, காஷ்மீர் எண்டு தட்டுப்பட்டுப் போச்சு. கூர்க்காப் படையோட அவற்ற பேரை ஒட்டி வச்சு சாம் பகதூர் எண்டு கூப்பிடுறது எல்லாம் பிறகு வந்த அன்பு.

1959 இல நீலகிரி வெலிங்டனில ஸ்டாஃப் கொலிஜுக்குத் தலைமை. அங்க இருக்கேக்கதான் ஆளுக்குக் கண்டம். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் இவருக்கும் ஒத்துவரேல்ல, மேனனுக்கு வேண்டிய ஜெனரல் பி.எம். கவுலுக்கும் இவரைக் கண்ணில காட்டக் கூடாது. நாட்டுப்பற்று இல்லாத ஆள் எண்ட மாதிரிக் குற்றச்சாட்டுகள் போட்டு விசாரணை வச்சவை. ப்ரமோசன் தொங்கிக்கொண்டு நிக்குது, வாயால போன வழக்கு எண்டு ஆமிக்குள்ளயே சொன்னவை, அது உண்மைதான், மனுசனுக்கு நாக்கு நீளம். விசாரணையில குற்றம் இல்லை எண்டு வந்திட்டுது. எங்கட வட்டத்தில இருக்கிற கச்சேரியில வேலை பாத்து பென்சன் எடுத்த ஐயா ஒருத்தர் இந்த இடத்தில நிமிர்ந்து இருந்தார், “தம்பி, இன்குவயரி வந்தவனுக்குத்தான் தெரியும் அதின்ர வருத்தம், வெடி ஏழும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்” எண்டார்.

1962 ஒக்டோபரில சீனா இறங்க, வடகிழக்கில கவுலின்ர 4 ஆவது கோர் (கன டிவிசன் சேந்த பெரிய படைப்பிரிவு) சிதறிப்போச்சு, மேனன் பதவியை விட்டார், கவுல் விட்டார். அந்தச் சிதறின கோரைப் பொறுப்பெடுக்க தேஸ்பூருக்கு அனுப்பினது இவரை. ஆனா கவனியுங்கோ, சீனா தானா யுத்த நிறுத்தம் சொன்னது நவம்பர் 21, இவர் போனது அதுக்குப் பிறகு. 1962 யுத்தத்தில சண்டை பிடிச்சவர் எண்டு சொல்லுறது சரியில்லை, தோத்துப்போய்த் திகைச்சு நிண்ட ஆக்களை நிமித்தினவர் எண்டு சொன்னால் சரி. போன கையோட அவர் சொன்னது, எழுத்தில ஓடர் இல்லாம ஒருத்தரும் பின்வாங்கக் கூடாது, அப்பிடி ஒரு ஓடர் ஒருநாளும் வராது எண்டதுதான்.

1965 இல சண்டை மேற்கில, இவர் கிழக்குக் கட்டளைத் தளபதி, கல்கத்தாவில. கிழக்கில பெரிய சண்டை நடக்கேல்ல. ஆக அஞ்சில இன்னும் ரெண்டு இப்பிடிப் போச்சு.

பட்டியலில இல்லாத ஒண்டு

இந்த அஞ்சு யுத்தக் கணக்கில சேராத ஒரு விசயம் இருக்கு, நான் இதில கொஞ்சம் நிண்டுதான் போகப்போறன். 1966 மார்ச் 1 ஆம் திகதி இந்தியாவின்ர வடகிழக்கு மலைப்பக்கத்தில மிசோ தேசிய முன்னணி தனி நாடு எண்டு அறிவிச்சுது. மார்ச் 5 ஆம் திகதி தொடங்கி ஐஸ்வால் பட்டினத்துக்கு மேல இந்திய விமானப்படை சுட்டும் குண்டு போட்டும் தாக்கினது. சொந்த நாட்டு ஊர், சொந்த நாட்டுப் பிளேன். அடுத்த வருசம் 1967 இல இருந்து மலைக் கிராமங்களைக் காலி பண்ணி, சனத்தை றோட்டோரத்தில கொண்டுவந்து வேலிக்குள்ள குடியேத்தினவை, பழைய கிராமங்களை எரிச்சவை, சனம் பாஸ் இல்லாம வெளிய போகேலாது, தோட்டம் செய்யேலாது. அந்த நேரம் கிழக்குக் கட்டளைக்கு மேல இருந்தது மானெக்‌ஷா. நாகாலாந்து, மிசோரம் பக்கம் நிலைமையைக் கையாண்டதுக்கு எண்டு 1968 இல அவருக்குப் பத்மபூஷணும் குடுத்தவை.

இதை வாசிக்கேக்க கொக்குவில் அண்ணை தலையைத் தூக்கினார். பாஸ், வேலி, முகாம், பிளேன், உதுகளை வேற ஆராவது எங்களுக்குச் சொல்லித்தரவேணுமோ. வீரப் பட்டியல் போடுற ஆக்கள் உதை விட்டிட்டுப் போறது ஏன் எண்டு விளங்குது, அது யுத்தம் எண்ட பேரில வராது, உள்நாட்டு விவகாரம் எண்ட பேரில போயிடும். ஒரு ஆமிக்காரன்ர சேவையை நினைக்கிறது எண்டால் வெண்ட யுத்தத்தை மட்டும் நினைக்கேலாது, மிசோச் சனம் அந்த வருசங்களை மறக்கேல்ல.

1971 ஏப்ரல்

இனித்தான் முக்கியமான கட்டம். 1969 ஜூனில இவர் ஆமித் தளபதியா வந்தார். 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ஆமி டாக்காவில இறங்கிச் சனத்தைச் சுட, அகதியள் மேற்கு வங்காளம், திரிபுரா, அசாம் எண்டு வந்து குவியினம், அந்த வருசக் கடைசிக்குள்ள ஒரு கோடி அளவில.

அதே ஏப்ரல் இலங்கையிலயும் நெருப்புத்தான், அதை ஞாபகப்படுத்தாமப் போகேலாது. ஏப்ரல் 5 ஆம் திகதி ஜே.வி.பி. கிளர்ச்சி. ரோகண விஜேவீர அப்ப யாழ்ப்பாணச் சிறையில, ஆளை மீட்கவெண்டு இஞ்சயும் தாக்குதல் நடத்தப் பாத்தவை. சிறிமாவோ அரசாங்கம் உதவி கேட்க, இந்தியா ஹெலியும் போர்க்கப்பலும் அனுப்பினது, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் காவலும் குடுத்தது. பாகிஸ்தானும் ஹெலி அனுப்பினது. இன்னுமொண்டு, பெப்ரவரியில இந்தியா தன்ர வானத்தால பாகிஸ்தான் பிளேன் போகக்கூடாது எண்டு மறிச்சபடியால் மேற்கில இருந்து டாக்காவுக்குப் போற பாகிஸ்தான் பிளேனுகள் கொழும்பில இறங்கித்தான் எண்ணெய் அடிச்சுக்கொண்டு போனது. ஆக அடுத்த டிசம்பரில அடிபடப்போற ரெண்டு பகுதியும் எங்கட நாட்டில ஒரே நேரம் நிண்டிருக்கு, ரெண்டும் ஒரே அரசாங்கத்துக்கு உதவி. அரசியல் எண்டால் இப்பிடித்தான்.

டெல்லியில ஏப்ரல் கடைசியில கபினெட் கூட்டம். மானெக்‌ஷா பிறகு சொன்ன கதைப்படி, இந்திரா காந்தி அகதிப் பிரச்சினையைச் சொல்லி உடன ஆமியை அனுப்பவேணும் எண்ட மாதிரிக் கேட்க, இவர் இப்ப ஏலாது எண்டு சொன்னவர். ஏன் ஏலாது எண்டதுதான் சுவாரசியமான பகுதி. இமயமலைக் கணவாய்கள் கோடையில திறந்திருக்கும், சீனா நினைச்சால் இறங்கலாம், மாரியில பனி மூடினாப் பிறகு ஏலாது. கிழக்கு வங்காளம் முழுக்க ஆறு, பத்மா, ஜமுனா, மேக்னா, ஜூனில மழை தொடங்கினால் வயலும் ஆறும் ஒண்டாப் போயிடும், ராங்கி ஓடாது, பிளேனும் பறக்கேலாது. பஞ்சாப், உத்தரப்பிரதேசம் பக்கம் அறுவடைக் காலம், படையை நகர்த்த றோட்டும் றெயிலும் முழுக்க எடுத்தால் நெல்லு கோதுமை ஏத்தேலாது, பிறகு பஞ்சம் வந்தால் பழி ஆமியில. கவச டிவிசனில ஓடக்கூடிய ராங்கியும் காணாது. இவ்வளவும் சொல்லிப்போட்டு, வேணுமெண்டால் ராஜினாமாக் குடுக்கிறன், இல்லாட்டி எனக்கு நேரம் தாங்கோ, நான் வெண்டு தாறன் எண்டு சொன்னவராம்.

கவனிச்சுப் பாத்தால் இந்தக் காரணங்களில வீரம் ஒண்டும் இல்லை. மழை, பனி, அறுவடை, றெயில். மாரி வெள்ளாண்மை செய்யிற எந்த வன்னிக் கமக்காரனுக்கும் இந்தக் கணக்கு விளங்கும். எனக்கு இந்த ஆளில பிடிச்ச விசயமே உதுதான், சித்தாங்கில வெடி வாங்கினதை விட இது பெரிசு எண்டு நான் சொல்லுவன், ஏனெண்டால் வெடி வாங்கிறது ஒரு நொடி, அதிகாரத்தில இருக்கிற ஆளுக்கு முன்னால இருந்துகொண்டு இல்லை எண்டு காரணத்தோட சொல்லுறது எத்தினை பேருக்கு வரும்.

ஆனா இதையும் அப்பிடியே விழுங்கேலாது. அந்தக் காலத்துக் கடதாசியளைத் தோண்டின ஆய்வாளர் சிலபேர், ஏப்ரலில உடன யுத்தத்துக்குப் போற எண்ணம் இந்திராவுக்கே இருக்கேல்ல, அவவின்ர ஆலோசகர்மாரும் அவசரப்படக்கூடாது எண்ட பக்கம்தான் நிண்டவை எண்டு சொல்லினம். கூட்டத்தில நடந்ததா நாங்கள் அறிஞ்சது பெரும்பாலும் மானெக்‌ஷா வயசுபோன காலத்தில மேடையில சொன்னது, நல்லாக் கதை சொல்லத் தெரிஞ்ச ஆள் வேற. என்ர அபிப்பிராயம், தனி ஒருத்தனா நிண்டு பிரதமரை மறிச்சவர் எண்ட சினிமா இல்லாட்டியும், அந்தக் காரணங்கள் உண்மையான காரணங்கள், தளபதி எண்ட முறையில அதைச் சொல்லவேண்டிய ஆள் அவர்தான், சொல்லியிருக்கிறார்.

கிடைச்ச ஏழு மாசத்தில நடந்தது முழுக்க சாமான் சேக்கிற வேலை. அகர்தலாப் பக்கம் றோட்டும் களஞ்சியமும், பாலம் போடுற சாமான், முக்தி பாகினி எண்ட வங்காள விடுதலைப் படைக்குப் பயிற்சி. ஓகஸ்ட் 9 ஆம் திகதி சோவியத் யூனியனோட ஒப்பந்தம், அது இவற்ற வேலை இல்லை எண்டாலும் சீனாப் பக்கப் பயத்தைக் குறைச்சது. டிசம்பர் 3 பின்னேரம் பாகிஸ்தான் விமானப்படை இந்திய விமானத்தளங்களில அடிக்க யுத்தம் தொடங்கினது. 13 நாள். களத்தில ஆடின ஆக்கள் வேற, கிழக்குக் கட்டளையில அரோரா, அவருக்குக் கீழ ஜேக்கப், மேக்னா ஆத்தை ஹெலியால படையைத் தூக்கிக் கடந்த சகத் சிங். டெல்லித் திட்டத்தில டாக்காவைப் பிடிக்கிறதே முதல் நோக்கமா இருக்கேல்ல எண்டு ஜேக்கப் பிறகு எழுதினவர், அந்தச் சண்டை இண்டைக்கும் அவையின்ர ஆக்களுக்குள்ள முடியேல்ல. மானெக்‌ஷாவின்ர பங்கில எல்லாரும் ஒத்துக்கொள்ளுறது றேடியோ அறிவித்தல், உங்களைச் சுத்தி வளைச்சாச்சு, சரணடைஞ்சால் மரியாதையா நடத்துவம் எண்டு பாகிஸ்தான் படைக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னது.

டிசம்பர் 16 பின்னேரம் டாக்கா றேஸ் கோசில ஒரு சின்ன மேசை, பாகிஸ்தான்ர கிழக்குத் தளபதி நியாசியும் அரோராவும் கையெழுத்து வச்சவை. அந்தப் படத்தில மானெக்‌ஷா இல்லை. அது கிழக்குக் கட்டளைத் தளபதியின்ர வேலை எண்டு விட்டிட்டார். கைதியள் 93,000 பேர், அதில சிவில் ஆக்களும் இருந்தவை.

16 வருசத்துக்குப் பிறகு

71 டிசம்பருக்குப் பிறகு யாழ்ப்பாண மேடையளில வங்கதேசம் எண்ட பேர் வராத கூட்டம் குறைவு எண்டு எங்கட வட்டத்து மூத்த ஆக்கள் சொல்லினம். தனித் தமிழீழம் கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் வரைக்கும் அந்த நினைப்பு ஓடியிருக்கு, இந்தியா வந்தால் சரி எண்ட நம்பிக்கை. வந்தது 1987 இல. ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம், அடுத்த நாளே பலாலியில இறங்கத் தொடங்கிட்டினம், ஒக்டோபர் 10 அளவில புலியளோட சண்டை. அப்ப இந்திய ஆமித் தளபதி கிருஷ்ணசாமி சுந்தர்ஜி, தமிழர், அவரும் 71 யுத்தம் கண்ட ஆள்தான், கொங்கோவில ஐநா படையிலயும் நிண்டவர். சேவைப் பட்டியல் நீளத்தில குறைஞ்ச ஆள் இல்லை.

ஒக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில ஹெலியால இறக்கின சீக்கியப் படையணியில 30 பேரில 29 பேர் செத்தவை, ஒருத்தர் பிடிபட்டவர். ஒக்டோபர் 21, 22 இல யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ள புகுந்து சுட்டதில நோயாளியள், டொக்டர்மார், தாதிமார் எண்டு 60 பேருக்கு மேல. 1990 மார்ச்சில திரும்பிப் போகேக்க அவையின்ர பக்கத்தில செத்தது 1,100க்கு மேல, எங்கட சனத்தின்ர கணக்கு இதில வராது.

இதை மானெக்‌ஷாவோட பக்கத்தில வச்சது 71 இன்ர ஆள் 87 இல இருந்திருந்தால் எங்களுக்கு இந்த நிலை வந்திராது எண்டு சொல்ல இல்லை. மிசோரத்தைப் பாத்தாப் பிறகு அப்பிடிச் சொல்ல எனக்கு வாய் வராது. கேஸ் எண்ட அளவில வித்தியாசம் ஒண்டுதான், 71 இல கேள்வி கேட்டு ஏழு மாசம் எடுத்த அதே ஆமி 87 இல ஒப்பந்தம் காஞ்சு முடியமுன்னம் வந்து இறங்கினது, சமாதானம் காக்க எண்டு வந்த படை ரெண்டரை மாசத்தில ஒரு நகரத்துக்குள்ள சண்டை பிடிக்கவேண்டி வந்தது, இடமும் தெரியேல்ல எதிராளியும் தெரியேல்ல. அந்த மேசையில ஆராவது ஏலாது எண்டு சொன்னவையோ, சொன்னதைக் கேட்டவையோ எண்டதுதான் கேள்வி. கொக்குவில் அண்ணை இதுக்கும் மசியேல்ல. “அனுப்பினவன் யோசிச்சு அனுப்பினாலும் யோசிக்காம அனுப்பினாலும் என்ர வீட்டுக்கு வந்தது ஷெல்தானே” எண்டார். அதுக்கு மேல நான் கதைக்கேல்ல, கூட்டத்தில மற்ற ஆக்கள் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு கொஞ்ச நேரம் கத்துப்பட்டினம்.

மிச்சம் கெதியாச் சொல்லுறன். 1973 ஜனவரியில ஃபீல்ட் மார்ஷல், இந்தியாவில அந்தப் பட்டம் எடுத்த முதல் ஆள், அதே மாசம் வேலையில இருந்து ஒதுங்கினார். தமிழ்நாட்டில குன்னூரில வீடு, அங்கதான் கடைசி மட்டும். 2008 ஜூன் 27 வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில 94 வயசில போய்ச் சேந்தார், ஊட்டி பார்சிச் சவக்காலையில மனிசிக்குப் பக்கத்தில அடக்கம். சவ அடக்கத்துக்குப் பிரதமரும் வரேல்ல, பாதுகாப்பு அமைச்சரும் வரேல்ல, ஒரு ராஜாங்க அமைச்சரைத்தான் அனுப்பினவை. 71 வெற்றியை வருசா வருசம் கொண்டாடுற டெல்லிக்கு அந்த ஒரு நாள் நேரம் கிடைக்கேல்ல.

அதை விடக் கூத்து பென்சன். ஃபீல்ட் மார்ஷல் சட்டப்படி றிட்டயர் ஆகிறேல்ல, சாகும் வரைக்கும் முழுச் சம்பளம் குடுக்கவேணும். இவருக்குக் குடுத்தது சாதாரண பென்சன். நிலுவைக் காசு எண்டு ஒரு கோடி ரூபாவுக்கு மேல செக் கையில கிடைச்சது 2007 இல, ஆளுக்கு 93 வயசு, ஆஸ்பத்திரியும் வீடுமா இருக்கிற காலம். இதைச் சொன்னோண்ண கச்சேரி ஐயாவுக்கு யுத்தம் எல்லாம் மறந்து போச்சு. 73 இல இருந்து 2007 எண்டால் 34 வருச அரியஸ், சும்மா விடேலாது எண்டு சொல்லிக்கொண்டு போனை எடுத்து கல்குலேட்டரில வட்டி போடத் தொடங்கிட்டார், கூட்டுவட்டியோ தனிவட்டியோ எண்டு பக்கத்தில இருந்த வங்கி மாமாவோட ஒரு பிடி வேற.